முதல் மூன்று நாள்: பழங்குடித் தலைவர்களுக்கு உரிமை மீறல்களைப் பதிவு செய்யும் பயிற்சி எப்படி இருக்க வேண்டும்

வாச்சாத்தி என்றதும் எல்லோரும் தீர்ப்பைத்தான் பேசுகிறார்கள். தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் மலையாளிப் பழங்குடிகளின் ஊர் அது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் அந்த ஊருக்குள் புகுந்து வன்முறையில் இறங்கின. 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் தர்மபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

பயிற்சி கொடுப்பவர்கள் படிக்க வேண்டியது இந்த இரண்டு தீர்ப்புகளுக்கு முந்திய கதையை. காட்டுக்குள் சிதறிப் போன சனங்களைத் தேடிப் பிடித்துப் பேச வைத்தது மலைவாழ் மக்கள் சங்கம். அதே ஆண்டில் நேரில் போய் விசாரித்து அறிக்கை எழுதினார் எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் அதிகாரி பாமதி. 1995இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. அடையாள அணிவகுப்பில் பெண்கள் நேருக்கு நேர் நின்று ஆட்களைக் காட்டினார்கள். இதில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அரசு சொன்ன கதையே நின்றிருக்கும். அந்தப் பெண்களின் நினைவும் உறுதியும்தான் வழக்கைத் தாங்கின. 31 ஆண்டுகள் நினைவை மட்டும் நம்பி ஒரு ஊர் காத்திருக்கும் நிலை இனி வரக்கூடாது. தலைவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அதற்காகத்தான்.

நடக்கும் பயிற்சிகளில் பாதிக்கு மேல் சட்டப் பிரிவுகளை ஒப்பிக்க வைப்பதிலேயே கழிந்து விடுகிறது. மூப்பனோ ஊர்க்கவுண்டரோ மகளிர் குழுத் தலைவியோ வக்கீலாக வேண்டியதில்லை. பிரிவு எண்ணை வக்கீல் போட்டுக்கொள்வார். சம்பவம் நடந்த முதல் மூன்று நாளில் ஊரில் இருக்கிறவரால் மட்டுமே செய்ய முடிகிற வேலைகள் சில உண்டு. அதற்குப் பிறகு எவ்வளவு பெரிய வக்கீல் வந்தாலும் அவற்றைத் திரும்பச் செய்ய முடியாது. பயிற்சி அவற்றைச் சுற்றியே இருக்க வேண்டும்.

யாரை, எப்போது, எங்கே

ஒரு குழுவுக்கு 15 பேருக்கு மேல் வேண்டாம். ஒரு குடியிருப்பிலிருந்து இரண்டு பேராவது வர வேண்டும், அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். தனியாக ஒருவர் கற்றுக்கொண்டு போனால் முதல் மிரட்டலிலேயே அடங்கி விடுவார். அவர் வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கும் நாளில்தான் சம்பவமும் நடக்கும். எழுதத் தெரியாத மூத்தவரையும் எழுதத் தெரிந்த இளையவரையும் சோடியாகக் கூப்பிடுங்கள். ஊர் பேசும் துணிவு பெரியவரிடம் இருக்கும், பேனா பிள்ளையிடம் இருக்கும்.

நகரத்து விடுதியில் ஐந்து நாள் தொடர்ச்சியாக நடத்தும் முகாமை விட, மலையிலேயே இரண்டு மூன்று வார இடைவெளியில் ஐந்து தனி நாட்கள் நடத்துவது மேல். இடைவெளியில் அவர்கள் ஊரில் எதையாவது எழுதிக்கொண்டு வர வேண்டும், அடுத்த நாள் வகுப்பு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். காலத்தையும் பாருங்கள். வட மாவட்டத்து இருளர் குடும்பங்கள் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குப் போனால் மழை தொடங்கும்போதுதான் திரும்பும். அந்த மாதங்களில் குடியிருப்பில் பயிற்சி வைத்தால் வேலைக்குப் போக முடியாத முதியவர்கள்தான் வந்து உட்காருவார்கள். தேன், நெல்லிக்காய், சாமை அறுப்பு என மலையில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கணக்கு உண்டு, கேட்டுவிட்டுத் தேதி வையுங்கள். வருகிறவருக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். கூலியை இழந்து உரிமையைக் கற்றுக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை.

பைக்குள் என்ன இருக்க வேண்டும்

தைத்த 200 பக்க நோட்டு ஒன்று. சுருள் கம்பி நோட்டு கூடாது. அதில் பக்கத்தைக் கிழித்தால் தெரியாது, அதனாலேயே நீதிமன்றத்தில் அதை நம்ப மாட்டார்கள். முதல் நாளே எல்லாப் பக்கத்துக்கும் எண் போட வைத்துவிடுங்கள். நீலம் அல்லது கறுப்புப் பால்பாயின்ட் பேனா, கார்பன் தாள் பத்து, வெள்ளைத்தாள், 15 சென்டிமீட்டர் அடிக்கோல், அளவு நாடா, 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், மழையில் நனையாத ஜிப் பை, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு நான்கைந்து. கோர்ட் ஃபீ ஸ்டாம்பு தகவல் உரிமை மனுவுக்கு. தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் கிடைக்கும் என்று நம்பிப் போனால் அன்றைக்குத்தான் இருக்காது.

ஆட்சியர், எஸ்.பி., டி.எஸ்.பி., கோட்டாட்சியர், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆகியோரின் தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் நோட்டின் கடைசி அட்டையில் ஒட்டியிருக்கட்டும். 14566 (வன்கொடுமைத் தடுப்பு உதவி எண்), 15100 (சட்ட உதவி) இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987 சட்டம். வருமானச் சான்று கேட்டு அலைய விட்டால் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

எழுதுவது

பயிற்சியின் இதயம் இங்கேதான் இருக்கிறது, அதிக நேரத்தை இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். ஒரு பயிற்சி நல்ல பலன் தரும்: முன்னறிவிப்பு இல்லாமல் ஒருவர் வகுப்புக்குள் வந்து, ஒரு பையைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு சொல் சத்தம் போட்டுவிட்டு வெளியேற வேண்டும். பதினைந்து பேரும் பார்த்ததைத் தனித்தனியாக எழுதட்டும், எழுதத் தெரியாதவர் சொல்லட்டும். பிறகு உரக்கப் படிக்க வைத்தால் சட்டை நிறம் நான்கு விதமாக இருக்கும். ‘கோபமாக வந்தார்’ என்று பலர் எழுதியிருப்பார்கள். கோபத்தைப் பார்க்க முடியாது, பார்த்தது என்ன என்று கேளுங்கள். பல்லைக் கடித்தார், கதவை உதைத்தார் என்று வரும். அதுதான் சாட்சியம்.

இப்போது ஒரு வாக்குமூலம். முதலில் பெரும்பாலும் வருவது இப்படி: ‘நேற்று இரவு வனத்துறையினர் எங்கள் ஊருக்கு வந்து அராஜகம் செய்து அப்பாவி மக்களைக் கொடூரமாகத் தாக்கினர்.’ நோட்டீசுக்கு இது ஆகும், வழக்குக்கு ஆகாது. அதே ஆளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினால் இப்படி வரும்: ‘இரவு சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நிலா மேலே வரவில்லை. பச்சை ஜீப் ஒன்று புளியமரத்தடியில் நின்றது. காக்கிச் சட்டை போட்ட நான்கு பேர் இறங்கினார்கள். ஒருவரை எனக்குத் தெரியும், சந்தைக்குப் போகும்போது செக்போஸ்ட்டில் பார்த்திருக்கிறேன், பெயர் தெரியாது, இடது புருவத்தில் தழும்பு இருக்கும். அவர் என் வீட்டுக்காரரின் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். மற்றவர் கையில் இருந்த மூங்கில் கழியால் முழங்காலுக்குக் கீழே மூன்று முறை அடித்தார். எனக்கும் அவர்களுக்கும் இடையில் வாசல் தூரம்தான். என் வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.’

வெளிச்சம், தூரம், முன்பே தெரியுமா, எத்தனை பேர், கையில் என்ன, எந்த இடத்தில் அடி. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போவதும் இவற்றைத்தான். மணி தெரியாதவரிடம் மணியைக் கேட்டு எழுதாதீர்கள். அவர் 9 என்பார், பக்கத்து வீட்டுக்காரர் 11 என்பார், பிறகு அந்த முரணை வைத்தே வழக்கை உடைப்பார்கள். கடைசி பஸ் போன பிறகா, நிலா எங்கே இருந்தது, பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதுங்கள். ‘நான் பார்த்தது’, ‘எனக்கு ஒருவர் சொன்னது’, ‘நான் நினைப்பது’ மூன்றையும் தனித்தனிப் பத்தியாக எழுதும் பழக்கம் வரும் வரை இந்தப் பாடத்தை விடாதீர்கள்.

காட்டுநாயக்கர், பணியர், குறும்பர் போன்றோர் வீட்டில் பேசுவது அவரவர் மொழி. சொல்கிறவர் தன் மொழியிலேயே பேசட்டும். அதைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டு தமிழில் எழுதி, திரும்ப அவருக்கு அவர் மொழியில் படித்துக் காட்டி, பிறகு கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். ஒலிப்பதிவை அழிக்கக் கூடாது. எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே வாக்குமூலம் எழுதுவது பெரிய தவறு. பத்துப் பேரும் ஒரே சொல்லில் பேசினால் சொல்லிக் கொடுத்தது என்பார்கள். தனித்தனியாகக் கேட்டு, சின்ன வித்தியாசங்களை அப்படியே விட்டுவிடுங்கள். உண்மையாகப் பார்த்தவர்களிடம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

பாலியல் வன்முறை என்றால் முறையே வேறு. பெண் மட்டுமே கேட்க வேண்டும், ஒரு முறை மட்டுமே கேட்க வேண்டும். விவரம் முழுவதையும் ஊர்த் தலைவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. யார், எப்போது, எங்கே என்ற அளவு போதும். குளிக்காமல், துணி மாற்றாமல் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போவது முக்கியம். துணி மாற்றியாகிவிட்டால் அதைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தரக் கடமைப்பட்டது. இரு விரல் சோதனைக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது, யாராவது முயன்றால் மறுக்கலாம். அந்தப் பெண்ணின் பெயரையோ படத்தையோ வாட்ஸ்அப்பில் போடுவது குற்றம், ஊர் அடையாளம் தெரிகிற மாதிரி போட்டாலும் குற்றமே. ஆதரவு திரட்டும் ஆர்வத்தில் நம் பக்கத்து ஆட்களே இந்தத் தவறைச் செய்கிறார்கள்.

படமும் கைபேசியும்

ஒரே பொருளை மூன்று தூரத்தில் எடுக்க வேண்டும். முதலில் மரமோ கோயிலோ சேர்ந்து தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து, பிறகு வீடு முழுதும், பிறகு அடிக்கோலைப் பக்கத்தில் வைத்துக் கிட்டே. காயம் என்றால் முகம் தெரிகிற படம் ஒன்று அவசியம். இல்லாவிட்டால் அந்தக் கை யாருடையது என்ற கேள்வி வரும். கறுத்த தோலில் கன்றிப்போன இடம் முதல் நாள் சரியாகத் தெரியாது. ஐந்து நாள் தொடர்ந்து, அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் எடுங்கள். உள்ளங்கால், உள்ளங்கையை மறக்காதீர்கள், லாடம் கட்டி அடித்தால் வெளியில் தெரியாமல் அங்கேதான் இருக்கும். சித்திரவதையை மருத்துவ ரீதியாகப் பதிவு செய்ய ஐ.நா. ஏற்றுக்கொண்ட இஸ்தான்புல் நெறிமுறை என்ற ஒன்று இருக்கிறது. பயிற்சி கொடுப்பவர் அதைப் படித்திருக்க வேண்டும், கற்பவர்களுக்கு உடலின் படம் வரைந்து காயத்தைக் குறிக்கத் தெரிந்தால் போதும்.

எரிந்த குடிசையைக் கூட்டிப் பெருக்குவதற்கு முன் படம் எடுங்கள். கிடக்கும் லத்தி, தோட்டா எதையும் தொடாதீர்கள், மழை வந்தால் மேலே தார்ப்பாய் கட்டுங்கள். மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வானம் தெரிகிற இடத்தில் சில நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பினால் அப்படியே போகும். எப்படி அனுப்பினாலும் மூலம் அந்தக் கைபேசியிலேயே இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றுடன் சான்றிதழ் தர வேண்டும். அதில் ஒரு பகுதி கருவியை வைத்திருப்பவர் கையெழுத்திடுவது, இன்னொன்று நிபுணர் கையெழுத்திடுவது, ஹாஷ் எண்ணும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) கேட்கும். இதையெல்லாம் மலையில் செய்ய முடியாது, நகரத்தில் உதவி செய்கிற ஒருவர் செய்யட்டும். ஊரில் இருப்பவர் நோட்டில் எழுத வேண்டியது: எந்தக் கைபேசி, *#06# அழுத்தினால் வரும் அந்தக் கைபேசியின் அடையாள எண், எடுத்தவர் யார், எப்போது, எங்கே, யாருக்கு எப்போது நகல் கொடுத்தார். மெமரி நிறைந்துவிட்டது என்று பழைய படங்களை அழிப்பதும், புதுக் கைபேசி வாங்கப் பழையதைக் கடையில் மாற்றிக்கொள்வதும்தான் வழக்கமாக வரும் கேடு.

மருத்துவமனை, காவல் நிலையம்

அரசு மருத்துவமனையில் முதலில் எழுதப்படுவது ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேடு. டாக்டர் அதில் ஒரே வரி எழுதுவார்: தெரிந்த நபர்கள் இத்தனை பேர், இன்ன ஆயுதத்தால், இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் தாக்கியதாகச் சொல்கிறார் என்று. அந்த வரிதான் வழக்கின் முதல் கல். அடிபட்டவர் பயந்து ‘விழுந்துட்டேன்’ என்று சொன்னாலோ, கூட வந்த போலீஸ்காரர் அப்படிச் சொல்ல வைத்தாலோ, பிறகு மாற்ற முடியாது. மூன்று பேர் என்று ஏ.ஆரில் இருந்து எஃப்.ஐ.ஆரில் ஏழு பேர் இருந்தால் நான்கு பேர் விடுதலை என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே, எண்ணிக்கை, தெரிந்தவரா தெரியாதவரா, ஆயுதம் ஆகியவற்றை அடிபட்டவர் மனத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ள உதவுங்கள். புதிதாக எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஏ.ஆர். எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளாமல் வெளியே வரக்கூடாது.

காவல் நிலையத்தில் நம் ஊரில் பெரும்பாலும் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்தது என்பதற்கான ஒப்புகை. அது எஃப்.ஐ.ஆர். அல்ல. ‘விசாரிக்கிறோம்’ என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இது இன்னும் உறுதி: 2018இல் சேர்த்த 18ஏ பிரிவின்படி எஃப்.ஐ.ஆருக்கு முன் விசாரணை தேவையில்லை. வாய்மொழியாகச் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும், நகலை உடனே தர வேண்டும் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு இதை விடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. ‘படிச்சுக் காட்டுங்க சார், அப்புறம் ரேகை வைக்கிறேன்’ என்ற ஒரு வாக்கியத்தை எல்லோரும் நிலையத்தில் நின்று சொல்லப் பழக வேண்டும். பயிற்றுநர் எஸ்.ஐ. நாற்காலியில் உட்கார்ந்து, ‘அப்புறம் வா’, ‘ஐயா இல்ல’, ‘உன் மேலயே கேஸ் போடவா’ என்று உண்மையாகவே மிரட்டிப் பழக்குங்கள். சிரிப்போடு தொடங்கும். மூன்றாவது ஆள் வரும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

எஃப்.ஐ.ஆர். மறுத்தால் அதே மனுவை எஸ்.பி.க்குத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் நீதிமன்றம். எல்லைத் தகராறு என்று அலைய விட்டால், எந்த நிலையமும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள். தபால் ரசீதை நோட்டில் ஒட்டி, மேலே தேதி எழுதுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும், அதுவும் ஒரு சான்று.

சாதிச் சான்றிதழ் இல்லை என்று வன்கொடுமைப் பிரிவைச் சேர்க்காமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. எஃப்.ஐ.ஆருக்குச் சான்றிதழ் முன்நிபந்தனை அல்ல. ஆனால் நிவாரணத்துக்கும் குற்றப்பத்திரிகைக்கும் அது வேண்டும், தமிழ்நாட்டில் எஸ்.டி. சான்றிதழ் தருவது கோட்டாட்சியர். சம்பவம் நடந்த பிறகு ஓடினால் மாதக் கணக்கில் ஆகும். ஆகவே பயிற்சியின் முதல் வீட்டுப்பாடமே இதுதான்: குடியிருப்பில் யார் யாருக்குச் சான்றிதழ் இருக்கிறது, யாருக்கு இல்லை என்ற பட்டியல். பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகளின் நிலை இன்னும் கடினம். எஸ்.டி. பட்டியலில் மலையாளி என்ற பெயர் குறிப்பிட்ட பழைய மாவட்டங்களுக்கு மட்டும் என்று இருப்பதால், ஈரோட்டில் இருக்கும் அவர்கள் அதே மக்களாக இருந்தும் எஸ்.டி. ஆவதில்லை. அங்கே வன்கொடுமைச் சட்டத்தை நம்பிப் பயிற்சி கொடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். பொதுவான குற்றவியல் சட்டத்தையும் எஸ்.டி. அல்லாதவர்களுக்கான வன உரிமைச் சட்டப் பிரிவுகளையும் வைத்துத்தான் பாடம் அமைக்க வேண்டும்.

கைது என்றால்

முன்பு தந்தி கொடுப்பார்கள். ஆளைத் தூக்கிப் போன அரை மணியில் முதலமைச்சருக்கும் நீதிபதிக்கும் தந்தி போனால், அதில் இருக்கும் நேர முத்திரையே பின்னால் ‘இரண்டு நாள் கழித்துத்தான் கைது செய்தோம்’ என்ற பொய்யை உடைக்கும். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. இப்போது அந்த இடத்தில் மின்னஞ்சல் இருக்கிறது: எஸ்.பி., ஆட்சியர், மாநில மனித உரிமை ஆணையம், சட்டப்பணிகள் ஆணைக்குழு எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல். பெயர், வயது, எங்கே எத்தனை மணிக்கு யார் கூட்டிப் போனார்கள், வண்டி எண். நான்கு வரி போதும்.

கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊரார் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். அதில் நேரம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் தானே எழுதிக் கையெழுத்திடலாம். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்ணை சூரியன் மறைந்த பிறகு கைது செய்யப் பொதுவாக அனுமதியில்லை. பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட, 60 வயது தாண்டிய ஆண்களையும் விசாரணைக்கென்று நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது, வீட்டுக்குத்தான் வர வேண்டும். ரிமாண்டின்போது அடித்தார்களா என்று மாஜிஸ்திரேட் கேட்பார். அடித்தவர் பக்கத்தில் நிற்கும்போது யார் வாய் திறப்பார்? அதனால் வீட்டார் அன்றே ஒரு மனு எழுதி, காயத்தையும் மருத்துவப் பரிசோதனைக் கோரிக்கையையும் குறிப்பிட்டு நீதிமன்றத்தில் கொடுப்பது அவசியம்.

நிலையத்தின் சி.சி.டி.வி. பதிவைக் காக்கும்படி அதே வாரத்தில் எழுத்தில் கேளுங்கள். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் காவல் நிலையங்களில் கேமரா வைத்துப் பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்கச் சொன்னது. கேட்காமல் விட்டால் ‘பழுது’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை ஆர்.டி.ஐ.யில் 48 மணி நேரத்தில் தர வேண்டும், மனுவின் தலைப்பிலேயே அதைக் குறிப்பிடுங்கள்.

வனத்துறை பிடிக்கும்போது வேறொரு கண்ணி உண்டு. ‘அபராதம் கட்டிட்டுப் போ, கேஸ் இல்ல’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கையெழுத்து குற்றத்தை ஒத்துக்கொண்டதாக ஆகும். அடுத்த முறை பழைய குற்றவாளி என்று சேர்ப்பார்கள். தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, நகல் வாங்காமல் ரேகை வைக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறாக, பழைய அபராத ரசீதும் பி மெமோவும் (அரசு நிலத்தை ஆக்கிரமித்ததாகத் தரும் நோட்டீஸ்) வீட்டில் இருந்தால் பொக்கிஷம் போல வைத்திருங்கள். 2006 வன உரிமைச் சட்டத்தில் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். ‘ஆக்கிரமிப்பு’ என்று வனத்துறையே போட்ட அபராதம் அதற்கு நல்ல சான்று. அந்தச் சட்டத்தின் விதி 13 கேட்பது இரண்டு சான்றுகள். அதில் மூத்தவர்களின் வாய்மொழி வாக்குமூலமும், கிணறு, வரப்பு, இடுகாடு போன்றவையும் வரும். மனுவைச் சரிபார்க்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர், மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை என்று மனுவைத் தள்ளினால், அது துணைச் சான்று மட்டுமே என்று விதியே சொல்வதைக் காட்டுங்கள். மனுவும் விசாரணையும் முடியும் வரை வெளியேற்ற முடியாது என்பது அதே சட்டத்தின் 4(5) பிரிவு. மீறினால் வன்கொடுமைச் சட்டத்திலும் அது குற்றம்.

கொத்தடிமை

சூளை, மரம் வெட்டு, அரிசி ஆலை என்று முன்பணம் வாங்கிப் போகும் குடும்பங்களில் பதிவு செய்ய வேண்டியது அடி உதையை மட்டுமல்ல. முன்பணம் எவ்வளவு, யார் கையில், வாரச் செலவுக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், சந்தைக்கோ சாவுக்கோ போக விட்டார்களா, போனால் வீட்டில் யாரைப் பிணையாக இருத்திக்கொண்டார்கள். பூட்டும் சங்கிலியும் இல்லை என்பதால் கொத்தடிமை இல்லை என்று கோட்டாட்சியர் விசாரணையில் எழுதிவிடுவார்கள். போக முடியாமை ஒரு நாளின் விவரத்தில்தான் தெரியும். 1976 சட்டப்படி கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. மீட்கப்பட்ட அன்றே விடுதலைச் சான்றிதழ் கைக்கு வர வேண்டும், அது இல்லாவிட்டால் மறுவாழ்வுத் தொகை இல்லை.

இங்கேதான் ஊர்த் தலைவருக்குச் சோதனை வரும். முதலாளி நேராகத் தலைவரிடம் வந்து ‘பேசி முடிச்சிரலாம்’ என்பார். ராஜி பேசும் அதிகாரம் பாதிக்கப்பட்டவருக்குக்கூட காவல் நிலையத்தில் கிடையாது, தலைவருக்கு எங்கிருந்து வரும்? இதைப் பயிற்சியில் வெளிப்படையாகப் பேச வேண்டும். மரியாதைக்காகத் தவிர்த்தால், பயிற்சி பெற்றவரே நாளைக்குத் தரகராகிவிடுவார்.

நாட்காட்டி

மனு கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதால்தான் பெரும்பாலான வழக்குகள் வாடிப்போகின்றன. நோட்டின் நடுவில் ஒரு பக்கத்தை நாட்காட்டியாக ஒதுக்குங்கள். வன்கொடுமை வழக்கு என்றால் டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை. 7 நாளில் முதல் தவணை நிவாரணம், மத்திய விதிகளின் 2016 பட்டியலில் குற்றத்தைப் பொறுத்து 85,000 ரூபாய் முதல் 8.25 லட்சம் வரை. எதிரி ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு வர வேண்டும், பேசவும் உரிமை உண்டு. மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும். மாநில ஆணையத்தில் ஏற்கெனவே மனு இருந்தால் தேசிய ஆணையம் அதைத் தொடாது, ஆகவே எது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, தப்பி வந்தவர்கள் தேசிய ஆணையத்தின் முன் வாக்குமூலம் கொடுத்ததால்தான் ‘மோதல்’ என்ற கதைக்கு எதிராக ஒரு பதிவாவது உண்டானது. சாட்சி உயிரோடும் துணிவோடும் இருக்கும்போதே கூட்டிப்போய்ச் சொல்ல வைக்க வேண்டும்.

நோட்டின் நகல் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கட்டும். வாரம் ஒருமுறை கைபேசியில் பக்கங்களைப் படம் எடுத்து, நம்பகமான ஒருவருக்கு அனுப்பினால் போதும். சோதனை என்று வந்து எடுத்துப் போவது முதலில் அந்த நோட்டைத்தான்.

ஐந்து நாள் வகுப்பு முடிந்த பிறகு மாதம் ஒரு முறை, குறைந்தது ஓராண்டு, எல்லோரும் நோட்டோடு கூட வேண்டும். எந்த மனுவுக்குப் பதில் வந்தது, எந்தத் தேதி தாண்டிப் போனது, யாருக்கு மிரட்டல் என்று பார்த்து, அங்கேயே அடுத்த மனுவை எழுதிவிட வேண்டும். திட்டம் போடுகிறவர்கள் வகுப்புக்கு மட்டும் பணம் ஒதுக்குவார்கள், இதற்கு ஒதுக்க மாட்டார்கள். மலையிலிருந்து இறங்கி வரும் பஸ் காசு, அன்றைய கூலி, நகல் எடுக்கும் செலவு, தபால் செலவு நான்கையும் கணக்கில் சேர்த்து, மொத்தத் தொகையில் பாதியை இந்த ஓராண்டுக்கு எடுத்து வையுங்கள். பணம் குறைந்தால் வகுப்பு நாளைக் குறையுங்கள், மாதக் கூட்டத்தைக் குறைக்காதீர்கள்.